சும்மா இருக்கத் தெரியாத கை

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். நோயாளியின் மூளைப் படம் திரையிலேயே வந்துவிடுகிறதாம், காந்தச் சுருளைத் தலையில் எங்கே வைக்க வேண்டும் என்று அதுவே காட்டிக் கொடுக்கிறதாம். "நீங்கள்லாம் நீச்சல் தொப்பியும் இஞ்ச் டேப்பும் வெச்சுக்கிட்டு எப்படி மேடம் சமாளிச்சீங்க? ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன், புதுசா வர்றவங்களுக்குக் காட்டலாம்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இத்தனை வருட வேலையில் ஒரே ஒரு கேஸ்தான் திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கிறது. அதுவும் இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சரியாக விளங்காத கேஸ். விளங்கிய கேஸையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

எனக்கு விருத்தாசலம்தான் சொந்த ஊர். அப்பா ஜங்ஷனில் ரயில்வே வேலை. பள்ளி முடித்துவிட்டு நகரத்துக்குப் போய் மூளை அலை எடுக்கும் படிப்பு படித்தேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், பாதி ஆயுசு மற்றவர்கள் மண்டையில் பசை தடவியே போயிற்று. காந்த மெஷின் வந்தது இரண்டாயிரம் பிறந்த பிறகு.

அதைக் கொண்டுவந்தவர் டாக்டர் கோதண்டம். எங்கள் கூடத்துக்குத் தலைவர். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் அவரிடம் வேலை பார்ப்பதற்கு நாலு திட்டு வாங்கிவிட்டுப் போகலாம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "பார்ப்போம்" என்பார். பார்த்துவிட்டு "மறுபடி" என்பார். மறுபடி எடுத்துக் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் கிடக்கும் படுக்கை விரிப்பின் ஓரத்தால் துடைப்பார். துடைக்கிறார் என்றால் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். புது நோயாளி பயந்தால் முதலில் தானே நாற்காலியில் உட்கார்ந்து தன் தலையைக் கொடுப்பார். அதற்காகவே அவருடைய மற்ற தொல்லைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

வேலை இப்படி. தலைக்குள் கம்பி, கிளிப் ஏதும் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, இதயத்தில் பேட்டரி வைத்திருக்கிறதா, கர்ப்பமா என்று முதலில் கேட்டுவிடுவேன். தோட்டைக் கழற்ற வேண்டும், கொண்டை ஊசியை எடுக்க வேண்டும். நீச்சல் தொப்பியை மாட்டி, மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டைக் குமிழ் வரை ஓர் அளவு, காதுக்குக் காது ஓர் அளவு எடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அங்கிருந்து இடது பக்கம் மூன்று விரல் இறங்கினால், வலது கையை ஆட்டும் இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ இருக்கும். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் இருக்கும் சுருளை அங்கே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தேட வேண்டும். சுருள் கொடுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் தலையில் டொக்கென்று சத்தம் கேட்கும், சரியான இடம் அகப்பட்டால் மடியில் சிவனே என்று கிடக்கும் கையில் ஆள்காட்டி விரல் துள்ளும். சிலர் சிரிப்பார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

துள்ள வைப்பது பெரிய காரியமில்லை. மூளை கையை அசைக்கச் சொல்வதோடு நிற்பதில்லை, அசையாமல் இருக்கவும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அடக்கும் திறனை அளப்பதுதான் எங்கள் வேலை. டாக்டர் அதை பிரேக் என்பார். விரலை அசைக்கப் போதாத சின்னத் தட்டு ஒன்றை முதலில் கொடுப்போம், அது மூளையின் பிரேக்கை எழுப்பிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாமல் பெரிய தட்டு. பிரேக் நன்றாக இருந்தால் விரல் துள்ளுவது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிரேக் தேய்ந்திருந்தால் இறங்காது. இதில் ஒரே ஒரு நிபந்தனை, கை துணி மாதிரித் தளர்ந்து கிடக்க வேண்டும். கொஞ்சம் விறைத்தாலும் அளவு கெட்டு, பிரேக் இல்லாத மாதிரிக் காட்டிவிடும். கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய கம்பி வழியாகத் தசையின் துள்ளல் கோடாகப் படத்தில் விழும், அதைக் காதால் கேட்க மெஷினில் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. தசை விறைத்தால் அது பொரியும், தளர்ந்தால் அமைதி.

செல்வராணி எங்களிடம் வந்தது அந்த மெஷினில் என் கை ஓரளவு பழகியிருந்த சமயம். நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டவள். செராமிக் யூனிட் ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். பிரஷ்ஷைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் உள்ளே சுருண்டுகொள்ளும், மணிக்கட்டு திருகிக்கொள்ளும். பிரஷ்ஷைக் கீழே வைத்தால் கை பழையபடி ஆகிவிடும். காய் நறுக்குவாள், பூக் கட்டுவாள், கையெழுத்துப் போடுவாள். ஒரு கோளாறும் தெரியாது.

அதுதான் அவளுக்கு வினையாகப் போனது. வீட்டில் அதிகாரம் அவள் கணவனின் அக்கா புஷ்பாவுக்கு. தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அதே யூனிட்டில்தான் அவருக்கும் வேலை. சூளையிலிருந்து இறங்கும் கப்பு, ஜாடிகளைத் தட்டிப் பார்த்து நல்லதையும் விரிசல் விட்டதையும் பிரிப்பது. ஊர்க்காரி என்று தெரிந்ததும் செல்வராணி என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பிரஷ்ஷத் தொட்டா இழுக்குது, தோச திருப்பறப்ப இழுக்கலியான்னு அண்ணி கேக்கறாங்க நர்சம்மா. நான் இன்னா பதில் சொல்றது? எனக்கே தெரியல. வேல செய்யாம இருக்க நடிக்கறேன்னு சொல்றாங்க. நவராத்திரி முடிஞ்சா நல்லூருக்கே கொண்டு போயி வுட்டுடலாம்னு வூட்டுல பேசிக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டாரு, அவங்க அக்கா சொன்னதுதான். நீங்க மெஷினுல பாத்து, இவ பொய் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

நான் நர்ஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். மெஷினில் பார்த்தோம். அவளுக்குப் பிரேக் தேய்ந்துதான் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "சார், சொல்லிடலாமா?" என்றேன். டாக்டர் "பார்ப்போம்" என்றார். கையைப் பார்த்த அளவில் இது நோய்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்களிடம் இருந்த நல்ல ஆட்களின் அளவெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுடையது. "அந்தப் பசங்க கையும் இவங்க கையும் ஒண்ணா ரெஜினாம்மா? அதே ஊர், அதே வேலை, அதே வயசு, கையில கோளாறு இல்லாதவங்க வேணும். அவங்கள எடுத்து இவங்களோட வெச்சுப் பார்த்தாத்தான் நான் வாயத் திறப்பேன்" என்றார். அத்தனை பெண்களை நகரத்துக்கு யார் கூட்டிவருவது? முறையாக அனுமதி வாங்கி, மெஷினை வேனில் ஏற்றி விருத்தாசலத்துக்கே கொண்டுபோனோம். எங்கள் பங்குக் கோயிலின் ஹாலை நான் சாமியாரிடம் கேட்டு வாங்கினேன்.

யூனிட் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அது கொலு பொம்மைகள் போகிற நேரம், பிரஷ் பிடிக்கும் ஒருத்தியைக்கூட விட மாட்டேன் என்றார். தட்டிப் பார்க்கும் பலகையிலிருந்து வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அதுவும் கை வேலைதானே, அதே மண், அதே ஊர்த் தண்ணீர் என்று நாங்களும் தலையாட்டினோம். அந்த இடத்தில்தான் சனி பிடித்தது, அப்போது யாருக்குத் தெரியும்.

ஹாலில் எர்த் சரியில்லை. ஸ்பீக்கரைப் போட்டால் காண்டாமணி அடித்து ஓய்ந்த மாதிரி ஒரே ரீங்காரம். காது கொடுக்க முடியாமல் அதை அணைத்துவிட்டு, கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். வழக்கம்போல் டாக்டர் முதலில் உட்கார்ந்தார். அவர் விரல் துள்ளியதும் பெஞ்சில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "சாரு வெரலு தாளம் போடுதுடி" என்றாள் ஒருத்தி. அதோடு பயம் போய்விட்டது, ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். செல்வராணியையும் மறுபடி எடுத்தோம்.

புஷ்பா கடைசியாக வந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா பாத்துக்குங்க. நல்ல கை எப்டி இருக்கும்னு தெரியணும் இல்ல" என்று செல்வராணியின் காதில் விழும்படி சொன்னார். சுருளை வைத்தேன். டொக். விரல் துள்ளியது. மடியில் கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் ஆட்டல" என்றார். "நீங்க ஆட்டலக்கா, மெஷின்தான்" என்றேன்.

டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய படம் என்று தெரியாமல்தான் பார்ப்பார். நான் பெயர்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, கலைத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக் இருப்பது வலப்பக்கம், இல்லாதது இடப்பக்கம் என்று அவர் பிரிப்பார். அன்று மாலை ஹால் மேஜையில் பிரித்தார். முதல் படம் இடப்பக்கம் போனது. செல்வராணியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்ததும் இடப்பக்கம். அதற்கடுத்ததும். வலப்பக்கம் மேஜை காலியாகவே கிடக்க, எல்லாரும் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஹாலில் படுக்கை விரிப்பு இல்லை, வேட்டி கட்டி வந்திருந்தார், அதன் ஓரத்தால் துடைத்தார். "ரெஜினாம்மா, உங்க ஊர்ல யாருக்குமே பிரேக் கிடையாதா?"

"எங்க ஊரு டவுன் பஸ்ஸ நீங்க இன்னும் பாக்கல சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, வாய் பழக்கம்.

மெஷின் வழியில் குலுங்கிக் கெட்டதா? டாக்டரை உட்கார வைத்து மறுபடி எடுத்தேன், அவருக்குச் சரியாக வந்தது. மண்ணில் ஏதாவது இருக்குமா, மெருகுப் பூச்சில் இருக்குமா, எல்லாருக்குமே நோய் தொடங்கிவிட்டதா என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. வேலை கெட்டது ஒரு பக்கம். எல்லாரும் ஒரே பக்கம் என்றால் செல்வராணியைத் தனியாகக் காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது? அவளுக்கு உதவி செய்யப் போய் அவள் பொய்க்காரி என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

மறுநாள் காலையில் டாக்டர் படங்களைப் பெரிதாக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். "இங்க பாருங்க. தட்டு விழறதுக்கு முன்னாடி கோடு மொழுக்குன்னு இருக்கணும். இதுல பூனை முடி மாதிரி இருக்கு. கரண்ட் கோளாறுன்னு நினைச்சோம். தசை விறைச்சதா இருந்தா?" உடனே ஹாலுக்குப் பின்னால் குழி தோண்டிக் கம்பியை இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த்தைச் சரி செய்தோம். ஸ்பீக்கர் வாய் மூடியது. புஷ்பாவைக் கூப்பிட்டு அனுப்பினோம், தம்பி மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

புஷ்பாவின் கை மடியில் தளர்ந்துதான் கிடந்தது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. தலையில் முதல் தட்டு விழுந்தது. டொக். அவ்வளவுதான், சூடான சட்டியில் கடுகு போட்ட மாதிரி ஸ்பீக்கர் பொரிய ஆரம்பித்தது. பொரிச்சல் நிற்கவே இல்லை.

"கையத் தளர வுடுங்கக்கா."

"வுட்டுட்டுதானேம்மா குந்தி இருக்கேன்."

பார்த்தால் விட்டுத்தான் இருந்தார். கையில் ஓர் அசைவு தெரியவில்லை. உள்ளே மட்டும் பொரிந்தது. டாக்டர் குனிந்து, "தலையில அந்த டொக் கேட்டா உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார்.

"இன்னா தோணும்? நல்ல சாமான் கணீர்னு கேக்கும். டொக்குன்னா விரிசல் சார். எடுத்து ஒதுக்கிடுவோம்" என்றார். சொன்ன பிறகு தன் வலது கையைப் பார்த்தார். பலகையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்வதை அந்தக் கை எங்கள் நாற்காலியிலும் செய்யக் காத்திருந்திருக்கிறது. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, டொக்கென்ற சத்தத்துக்குக் கை எழும்பும் தொழில்காரிகளாகப் பார்த்து வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்.

காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தோம், பயனில்லை, சத்தம் எலும்பு வழியாகவே போகிறது. பிறகு என் ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, அந்த இரைச்சலை ஹெட்போனில் கொடுத்தோம். டொக் அதில் அமுங்கிப் போனது. ஸ்பீக்கர் அமைதியானது. புஷ்பாவின் விரல் துள்ளுவது பாதிக்கும் கீழே இறங்கியது. பிரேக் நன்றாகவே இருந்தது. மற்றவர்களையும் வரவழைத்து அப்படியே எடுத்தோம், அவர்களும் வலப்பக்கம் வந்தார்கள். ஒருத்தியைத் தவிர. அவளுக்குக் கையில் ஒரு கோளாறும் கிடையாது, ஸ்பீக்கரும் அமைதியாகத்தான் இருந்தது, ஆனாலும் பிரேக் இல்லை. ஏன் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

செல்வராணியை எடுத்தோம். இரைச்சல் போட்டும், கை தளர்ந்தும், பிரேக் தேய்ந்தேதான் இருந்தது. நான் மூச்சு விட்டேன். டாக்டர் "இடது கை" என்றார். கோளாறே இல்லாத இடது கை. அதிலும் பிரேக் தேய்ந்திருந்தது. டாக்டரின் கை கண்ணாடிக்குப் போனது.

செல்வராணி தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பா சுவரோரம் நின்றார்.

"சொல்லுங்க சார்" என்றாள் செல்வராணி. "அண்ணி இருக்காங்க. அவங்க முன்னாடியே சொல்லுங்க."

டாக்டர் திரும்பிப் புஷ்பாவைப் பார்த்தார். "கையைப் பார்த்த டாக்டரா சொல்றேன், இது நோய்தான்னு நான் நம்புறேன். ஆனா மெஷின் சொல்லிச்சுன்னு சொன்னா அது பொய். ஒரு நோயும் இல்லாதவங்களுக்கும் இதே மாதிரி வருது. இவங்க நல்ல கையிலயும் வருது. வேணும்னே கையை முறுக்கினா எப்படி வரும்னு எனக்குத் தெரியாது. ஒருத்தர் நிஜம் சொல்றாங்களா இல்லையான்னு இதால சொல்ல முடியாதும்மா."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? பின்னால் வந்த வருடங்களில் மற்ற இடங்களிலும் இதே குழப்பம்தான் என்று காதில் விழுந்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

செல்வராணி அழவில்லை. "அப்ப மெஷினும் என்ன நம்பலியா" என்று மெதுவாகக் கேட்டாள்.

புஷ்பா கிட்டே வந்தார். பரிசோதனைக்காக நாங்கள் கொண்டுவந்திருந்த பிரஷ் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துத் தம்பி மனைவியிடம் நீட்டினார். "புடி."

செல்வராணி பிடித்தாள். விரல் சுருண்டது, மணிக்கட்டு திருகியது. இத்தனை நாளும் அந்தக் கை இழுக்கும்போது புஷ்பா அவள் முகத்தைப் பார்த்துதான் ஏசியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இப்போது கையை மட்டும் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்கல அண்ணி. சொன்னா கேக்க மாட்டுது."

புஷ்பா என்னிடம் திரும்பினார். "நேத்து என் வெரலு துள்ளுச்சே, அத நான் பண்ணல இல்ல?"

"இல்லக்கா."

"இன்னிக்குத் தளர வுடுன்னீங்க. நானும் வுட்டுட்டேன்னுதான் சொன்னேன். கை வுடல. அப்ப நான் பொய் சொன்னேனா?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் செல்வராணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து பிரஷ்ஷை எடுத்துக் கீழே வைத்தார். கையில் நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்தார். "நல்லூருக்கும் போவ வாணாம், ஒண்ணும் வாணாம். தம்பி கிட்ட நான் பேசிக்கறேன். தட்டற பலகையில என் பக்கத்துல குந்திக்க. மொதலாளி கிட்டயும் நானே சொல்றேன்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எதுக்கும் இவங்களுக்கு மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்.

"நீங்க எடுங்க சார்" என்றார் புஷ்பா, பிளாஸ்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குப் போதும்."